குறைகடத்தியிலிருந்து உணரிக்கு: மும்பையில் ஒரு பேராசிரியரின் நுண்பொறி ஆராய்ச்சி

முன்னுரை

இந்தியாவில் நிகழ்ந்த பொறியியல் ஆராய்ச்சியின் வரலாறு இந்திய மொழிகளில் மிகக் குறைவாகவே எழுதப்பட்டுள்ளது. அணைகள், அணுஉலைகள், ஏவுகணைகள் முதலிய பெரியனவற்றைப் பற்றி ஓரளவு நூல்கள் தோன்றியுள்ளன. கண்ணுக்குப் புலப்படாத சிறியனவற்றின் வரலாறு அவ்வாறு கவனிக்கப்படவில்லை. மயிரிழையின் தடிமனைவிடச் சிறிய சட்டங்களையும் சவ்வுகளையும் சிலிக்கன் தகட்டின் மீது செதுக்கி, அவற்றை அசையவும் உணரவும் செய்யும் துறை அத்தகைய ஒன்றாகும். உலகெங்கும் 'மெம்ஸ்' என்னும் குறுக்கப் பெயரால் அத்துறை வழங்குகிறது.

மும்பையின் பவாய்ப் பகுதியில் உள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் மின்பொறியியல் துறையில் பேராசிரியராகப் பணியாற்றிய வி. ராம்கோபால் ராவ் இத்துறையில் ஆற்றிய பணியை இக்கட்டுரை ஆராய்கிறது. மின்னோட்டத்தை ஆராயத் தொடங்கிய ஒருவர் எவ்வாறு வளைவை ஆராய்பவராக மாறினார் என்பதும், ஆய்வகத்தில் வளைந்த ஒரு சட்டம் மக்களுக்குப் பயன்படும் கருவியாவதற்கு எத்துணைக் காலமும் எத்தனை கைகளும் வேண்டியிருந்தன என்பதும் இங்கு எடுத்துக்கொள்ளப்படும் வினாக்கள். இத்துறைக்குத் தமிழில் எப்பெயர் பொருந்தும் என்பது இறுதியில் ஆராயப்படுகிறது.

1. மாட்டுங்காவும் பவாயும்

ராவ் வகித்த ஆய்விருக்கை பி. கே. கேல்கர் பெயரால் அமைந்தது. இப்பெயர் மும்பையின் மின்பொறியியல் கல்வி வரலாற்றை நினைவூட்டுவது. 1887-இல் தோன்றிய விக்டோரியா ஜூபிலி தொழில்நுட்ப நிறுவனம் 1923-இல் மாட்டுங்காவுக்கு இடம்பெயர்ந்தது. 1997 முதல் அது வீரமாதா ஜீஜாபாய் பெயரால் வழங்குகிறது. அந்நிறுவனத்தின் மின்பொறியியல் துறைத் தலைமையை 1943-இல் ஏற்றவர் கேல்கர். பம்பாயில் உயர்நிலைத் தொழில்நுட்பக் கழகம் ஒன்றை அமைக்க நடுவணரசு முடிவு செய்தபோது, 1956-இல் அதன் திட்ட அலுவலராக அவரே அமர்த்தப்பட்டார். யுனெஸ்கோ வழியாகக் கிடைத்த சோவியத் உதவியுடன் 1958-இல் அக்கழகம் வகுப்புகளைத் தொடங்கியது. கான்பூர்க் கழகத்தின் முதல் இயக்குநராக விளங்கிய கேல்கர், 1970 முதல் 1974 வரை பம்பாய்க் கழகத்தின் இயக்குநராகவும் பணியாற்றினார்.

மும்பைத் தமிழர் வரலாற்றை அறிந்தோர்க்கு மாட்டுங்கா புதிய பெயர் அன்று. அலுவலகப் பணிகளை நாடி வந்த தென்னிந்தியக் குடும்பங்கள் அங்குக் குடியேறின. திருநெல்வேலி முதலிய மாவட்டங்களிலிருந்து வந்த உழைப்பாளர் தாராவியில் தோல் பதனிடுதல் போன்ற தொழில்களில் ஈடுபட்டனர். டிராம்பேயில் அணுசக்தி நிறுவனம் எழுந்த பின்னர்ச் செம்பூரும் அதன் சுற்றுப்புறமும் அறிவியல் பணியாளர் பலரின் வாழ்விடமாயின. மாட்டுங்காவில் தொடங்கிய மின்பொறியியல் கல்வியின் ஒரு கிளை பவாயில் வளர்ந்தது. அக்கிளையில் தோன்றிய ஆராய்ச்சி இப்பகுதிகளின் மக்கள் பட்ட துன்பம் ஒன்றோடு தொடர்புடையதாயிற்று. இது பின்னர் விளக்கப்படும்.

2. துறையின் தோற்றமும் மூன்று பெயர்களும்

சிலிக்கன் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் பொருளாகவே முதலில் அறியப்பட்டது. 1954-இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த சார்லஸ் ஸ்மித், சிலிக்கனையும் ஜெர்மானியத்தையும் அழுத்தும்போது அவற்றின் மின்தடை பெரிதும் மாறுவதைக் கண்டறிந்தார். ஒரு பொருள் வளைந்ததை மின்சாரத்தின் வழியே அறியலாம் என்பது இதன் பயன். 1960-களில் வெஸ்டிங்ஹவுஸ் ஆய்வகத்தில் நாதன்சன் என்பாரும் அவர்தம் குழுவினரும் அதிரும் உலோகச் சட்டம் ஒன்றை டிரான்சிஸ்டருடன் இணைத்துக் காட்டினர். 1982-இல் கர்ட் பீட்டர்சன் வெளியிட்ட ஒரு நெடிய கட்டுரை, சிலிக்கனை எந்திரவியல் பொருளாகக் கருதுதல் வேண்டும் என்பதைச் சான்றுகளுடன் நிறுவியது. மின்பொறியாளர் பலரை இத்துறைக்கு ஈர்த்தது அக்கட்டுரையே எனலாம். 1991-இல் அனலாக் டிவைசஸ் நிறுவனம் அறிவித்த முடுக்கமானி, கார் மோதும் கணத்தில் காற்றுப்பையை விரியச் செய்யும் சில்லாகப் பின்னர்ச் சந்தைக்கு வந்தது.

பெயர் வரலாறும் நோக்கத்தக்கது. 1987-இல் அமெரிக்காவில் நடைபெற்ற பயிலரங்கம் நுண் ரோபோக்களின் பெயரைத் தாங்கியிருந்தது. 1989-இல் சால்ட் லேக் நகரில் கூடிய பயிலரங்கமோ 'மைக்ரோ எலெக்ட்ரோ மெக்கானிக்கல் சிஸ்டம்ஸ்' என்னும் பெயரை ஏற்றது. ஜப்பானியர் இதனை 'மைக்ரோமெஷின்' என்றே வழங்கினர். அந்நாட்டு அரசு 1991-இல் தொடங்கிய பத்தாண்டுத் திட்டமும் அப்பெயரையே கொண்டது. ஜெர்மானியர் 'மிக்ரோசிஸ்டம்டெக்னிக்' என்றனர். அமெரிக்கப் பெயர் மின்சாரத்தை எந்திரத்துக்கு முன் வைத்தது. ஜப்பானியப் பெயர் எந்திரத்தை முதன்மைப்படுத்தியது. ஜெர்மானியப் பெயர் பல உறுப்புகள் கூடிய அமைப்பைச் சுட்டியது. ஒரே பொருளை மூன்று நாட்டினர் மூன்று நோக்கில் கண்டமைக்கு இப்பெயர்களே சான்று.

3. குறைகடத்தி ஆய்வுக் காலம்

ராவ் இன்றைய தெலங்கானாவில் உள்ள கொல்லாப்பூரைச் சேர்ந்தவர். வாரங்கல் காகதீயப் பல்கலைக்கழகத்தில் 1986-இல் பொறியியல் பட்டமும், பம்பாய்க் கழகத்தில் 1991-இல் முதுநிலைப் பட்டமும் பெற்றார். பவாயில் ஜூசர் வாசி, ஏ. என். சந்தோர்கர், தினேஷ் சர்மா, ராகேஷ் லால் முதலியோரால் நுண்மின்னணுவியல் ஆய்வுக்குழு ஒன்று வளர்க்கப்பட்டிருந்தது. பெரிய சில்லுத் தொழிற்சாலை எதுவும் அருகில் இல்லாத நகரத்தில், மாணவர்கள் தம் கைகளால் டிரான்சிஸ்டர் செய்து அளந்து பார்க்கும் மரபை அக்குழு உருவாக்கியிருந்தது. ராவின் பிற்கால முயற்சிகளுக்கு இம்மரபே அடித்தளம்.

பின்னர் அவர் ஜெர்மனி சென்று, மியூனிக்கில் உள்ள கூட்டரசுப் படைப் பல்கலைக்கழகத்தில் 1997-இல் முனைவர் பட்டம் பெற்றார். லாஸ் ஏஞ்சல்ஸில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் சிறிது காலம் ஆய்வு செய்தபின் பவாய்க்கே ஆசிரியராகத் திரும்பினார். தொடக்க ஆண்டுகளில் அவர் ஆராய்ந்தது டிரான்சிஸ்டர்களையே. உலோகம், ஆக்சைடு, குறைகடத்தி ஆகிய மூன்றும் அடுக்கப்பட்ட டிரான்சிஸ்டரின் அளவைக் குறைத்துக்கொண்டே செல்லும்போது மின்கசிவும் தேய்மானமும் மிகுகின்றன. இச்சிக்கல்களைத் தணிக்கும் வழிகளை அவர் நாடினார். பொறியியல் அறிவியலுக்கான சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பரிசு 2005-இல் அவருக்குக் கிடைத்தது.

4. வளையும் சட்டம்

இதே காலப்பகுதியில் இந்தியாவில் மெம்ஸ் ஆய்வுக்கு அரசு ஆதரவு கிடைக்கலாயிற்று. பாதுகாப்பு ஆராய்ச்சித் துறையின் வி. கே. ஆத்ரே அவர்களின் முன்முயற்சியால் நுண்ணறிவுப் பொருள்களுக்கான தேசியத் திட்டம் அமைந்தது. சென்னைக் கழகத்தில் கே. என். பட் முதலியோர் சிலிக்கன் அழுத்தமானிகளில் ஈடுபட்டிருந்தனர். பவாயில் ராவும், உயிர்மருத்துவப் பொறியியல் பேராசிரியர் சௌம்யோ முகர்ஜி முதலியோரும் வேறொரு பொருளை எடுத்துக்கொண்டனர். மாரடைப்பின்போது இரத்தத்தில் தோன்றும் புரதங்களை விரைந்து காட்டும் உணரியே அது.

அதன் அடிப்படை உறுப்பு ஒரு முனை பிணைக்கப்பட்டு மறுமுனை விடுதலையாக நிற்கும் சிறு சட்டமாகும். அதன் நீளம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அல்லது சற்று மிகுதி. தடிமன் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு. சட்டத்தின் ஒரு பக்கத்தில் மட்டும் குறித்த புரதத்தைப் பற்றும் எதிர்ப்பொருள் பூசப்படுகிறது. இரத்தத்தில் அப்புரதம் இருப்பின் அது அப்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய மூலக்கூறுகள் ஒன்றையொன்று நெருக்குவதால் ஒரு பக்கம் விரிய முயல்கிறது, மறுபக்கம் விரிவதில்லை, எனவே சட்டம் வளைகிறது. பறவை அமர்ந்த கிளை வளைவதைப் போன்றது அன்று இது. அங்கு வளைவுக்குக் காரணம் எடை. இங்குக் காரணம் புறப்பரப்பில் தோன்றும் தகைவு. பூச்சு ஒன்றின் தகைவு தகட்டை எவ்வளவு வளைக்கும் என்பதற்கான வாய்பாட்டை ஸ்டோனி என்பவர் 1909-ஆம் ஆண்டிலேயே மின்முலாம் பற்றிய ஆய்வில் கண்டிருந்தார். 1986-இல் அணுவிசை நுண்ணோக்கி தோன்றியபின் இத்தகைய சட்டங்களைச் செய்வது எளிதாயிற்று. 1990-களின் நடுவில் தாமஸ் துண்டாட் முதலியோர் அவற்றை உணரிகளாகப் பயன்படுத்திக் காட்டினர்.

வளைவை அளப்பதற்கு வெளிநாட்டு ஆய்வகங்களில் லேசர் ஒளியைப் பயன்படுத்தினர். ஒளியமைப்பு பெரியது, அதிர்வு தாங்காதது, மருத்துவமனை வாயிலுக்கு எடுத்துச்செல்ல ஏற்றதன்று. ஸ்மித் கண்ட மின்தடை மாற்றத்தைச் சட்டத்தினுள்ளேயே பொதித்துவிட்டால் லேசர் வேண்டியதில்லை. பவாய்க் குழு இவ்வழியைத் தேர்ந்தது. டிரான்சிஸ்டர் ஆய்வில் பெற்ற பயிற்சி இங்குதான் துணை நின்றது. மின்தடையின் மிகச் சிறு மாற்றத்தை இரைச்சலினின்று பிரித்தறிதல் மின்பொறியாளர்க்குப் பழகிய கலையாகும்.

5. பாலிமரைத் தேர்ந்தமை

ராவின் ஆராய்ச்சி வாழ்வில் முடிவு செய்யும் கட்டமாக அமைந்தது மூலப்பொருள் மாற்றமே எனலாம். சிலிக்கன் விறைப்பானது. அதே விசைக்கு மிகுதியாக வளையும் பொருள் இருப்பின் உணரியின் கூர்மை கூடும். எஸ்யூ-8 என்னும் பாலிமர், சில்லுத் தயாரிப்பில் ஒளிபட்டு இறுகும் பூச்சாகப் பயன்பட்டுவந்தது. அதன் யங் குணகம் சிலிக்கனுடையதில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கே. விலை உயர்ந்த செதுக்கு எந்திரங்கள் இன்றி, ஒளியைக்கொண்டே அதனை வேண்டிய வடிவில் அமைக்கலாம்.

ஆயினும் இடர் ஒன்று இருந்தது. மின்தடைக்கு வேண்டிய சிலிக்கன் படலம் உருவாக உயர்ந்த வெப்பம் தேவை. பாலிமரோ வெப்பம் தாங்காது. சூடான கம்பியின் மீது வாயுவைச் செலுத்திக் குறைந்த வெப்பத்தில் படலம் படியச் செய்யும் முறையைக் குழுவினர் கையாண்டனர். பாலிமருக்குள் சிலிக்கன் மின்தடை பொதிந்த சட்டத்தை நிதின் காலே முதலிய ஆய்வாளர்கள் உருவாக்கினர். அடுத்து, பாலிமரிலேயே கரித்தூளைக் கலந்து அதனை மின்தடையாக்கும் வழி காணப்பட்டது. வி. சீனா முதலியோர் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், இத்தகைய சட்டம் டி.என்.டி. வெடிபொருளின் ஆவியைக் காற்றில் நூறு கோடிக்குப் பத்துப் பங்கிற்கும் குறைவான அளவிலேயே உணர்ந்தது காட்டப்பட்டது.

இதனை ஏழ்மையால் நேர்ந்த சமாதானமாகக் கொள்ளுதல் பொருந்தாது. மிகச் சிறிய டிரான்சிஸ்டரைச் செய்யும் போட்டியில் பல நூறு கோடி டாலர் முதலீடுடைய நிறுவனங்களோடு பல்கலைக்கழக ஆய்வகம் ஈடுகொடுத்தல் அரிது. மென்மையான பொருளும் எளிய செய்முறையும் கூர்மையான அளவீடும் ஒன்றுசேரும் களத்தில் அத்தகைய ஆய்வகமும் முதல் வரிசையில் நிற்க இயலும். களத்தை மாற்றிக்கொண்டதில்தான் இவ்வாராய்ச்சியின் அறிவு நுட்பம் விளங்குகிறது. 2013-ஆம் ஆண்டிற்கான இன்ஃபோசிஸ் பரிசு, நுண்ணளவில் வேதியியல், எந்திரவியல் அமைப்புகளை மின்னணுவியலோடு இணைத்த பணியைக் குறிப்பிட்டே அவருக்கு வழங்கப்பட்டது.

6. வெடிபொருளும் நகரமும்

மும்பைக்கு வெடிபொருள் ஆய்வுப்பொருள் மட்டும் அன்று. 1993 மார்ச் 12-இல் நிகழ்ந்த தொடர் குண்டுவெடிப்புகளில் 257 பேர் இறந்தனர். 2006 ஜூலை 11 மாலையில் மேற்கு ரயில்வேயின் புறநகர் ரயில்களில் பதினொரு நிமிடங்களுக்குள் ஏழு குண்டுகள் வெடித்தன. 180-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவற்றுள் ஒன்று மாட்டுங்கா ரோடு, மாஹிம் நிலையங்களுக்கு இடையிலும், மற்றொன்று மாஹிம் நிலையத்திலும் வெடித்தன. தாராவியின் மேற்கு எல்லையை ஒட்டிச் செல்லும் பாதை அது. நாள்தோறும் பல லட்சம் பேர் ஏறி இறங்கும் நிலையங்களில் ஒவ்வொரு பையையும் திறந்து பார்த்தல் இயலாது. மோப்ப நாய்கள் சிறந்தவையேனும் சில மணி நேரத்தில் களைத்துவிடும். அயல்நாட்டு உணர்கருவிகள் விலை மிகுந்தவை.

வெடிபொருளை ஆவியால் அறிவதிலும் ஓர் அடிப்படைச் சிக்கல் உண்டு. டி.என்.டி.யின் ஆவி அறை வெப்பநிலையில் காற்றில் நூறு கோடிக்குச் சில பங்கே இருக்கும். ஆர்.டி.எக்ஸின் ஆவியோ லட்சம் கோடிக்குச் சில பங்கு மட்டுமே. எனவே பையின் மீதோ கைப்பிடியின் மீதோ ஒட்டியிருக்கும் நுண்துகளைத் துடைத்தெடுத்து ஆராயும் கருவிகளே பெரிதும் பயன்பட்டு வருகின்றன.

இந்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் அலுவலகம் பவாயின் வெடிபொருள் உணரி ஆய்வுக்கு ஆதரவளித்தது. சென்னையில் பயின்று, டிராம்பேயின் பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் இயக்குநராக விளங்கிய ஆர். சிதம்பரம் 2001 முதல் 2018 வரை அப்பதவியை வகித்தவர். ஆய்வின் தொடர்ச்சியாக, கழகத்தின் தொழில்முனைவு மையத்தில் நானோஸ்னிஃப் என்னும் நிறுவனம் தோன்றியது. மெம்ஸ் உணரியைக் கருவாகக் கொண்ட அதன் 'நானோஸ்னிஃபர்' கருவி 2021 ஏப்ரலில் நடுவண் கல்வி அமைச்சரால் அறிமுகம் செய்யப்பட்டது. நானோகிராம் அளவு வெடிபொருளைப் பத்து நொடிக்குள் காட்ட வல்லது என்றும், நுண்உணரியால் இயங்கும் இவ்வகைக் கருவிகளில் உலகில் முதலாவது என்றும் அதனை உருவாக்கியோர் அறிவித்தனர். கருவியைச் சந்தைக்குக் கொண்டுசென்ற வேஹாந்த் நிறுவனம் தில்லிக் கழகத்தின் சூழலில் தோன்றியது. ராவும் 2016 முதல் தில்லிக் கழகத்தின் இயக்குநராகப் பணியாற்றி வந்தார்.

மாரடைப்பைக் காட்டுவதற்காக 2000-களின் தொடக்கத்தில் மேற்கொள்ளப்பட்ட ஆய்வு, ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்குப் பின் வெடிபொருளைக் காட்டும் கருவியில் சென்று சேர்ந்தது. ஒரு திட்டத்தின் கால அளவு மூன்று அல்லது ஐந்து ஆண்டுகளாக வரையறுக்கப்படும் முறையில், இத்தகைய பயனைத் தொடக்கத்திலேயே எவரும் கணக்கிட்டிருக்க இயலாது.

7. பொது ஆய்வகம்

தனியொருவர் திறமையால் மட்டும் இது நிகழவில்லை. 2006-இல் நடுவணரசின் தகவல் தொழில்நுட்பத் துறை ஏறத்தாழ 100 கோடி ரூபாய்ச் செலவில் பவாயிலும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்திலும் நானோமின்னணுவியல் உயர் மையங்களை ஏற்படுத்தியது. அதன் பயனாகத் தூசியற்ற அறைகளும் படிவுக் கருவிகளும் ஒரே கூரையின்கீழ் அமைந்தன. 2008-இல் தொடங்கிய பயனாளர் திட்டம் நாட்டின் பிற கல்லூரிகள், பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அங்கு வந்து தம் சில்லுகளைச் செய்துகொள்ள வழிவகுத்தது. சிறிய ஊர்க் கல்லூரி ஆசிரியர் ஒருவருக்குத் தம் வாழ்நாளில் வாங்க இயலாத கருவிகள் இதனால் கைக்கு எட்டின. மின்பொறியாளர், வேதியியலார், உயிரியலார் ஆகியோர் ஒரே கருவிக்கு முன் முறைவைத்துப் பணிபுரிந்தமை துறைகளுக்கு இடையே பேச்சை வளர்த்தது. இம்மையத்தை உருவாக்கி நடத்தியோருள் ராவ் குறிப்பிடத்தக்கவர். ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கையைக் காட்டிலும் நிலைத்த பயனுடையது இத்தகைய பொது ஆய்வகமே எனலாம். 2023-இல் அவர் பிட்ஸ் பிலானியின் துணைவேந்தராகப் பொறுப்பேற்றார்.

8. தமிழில் பெயரிடல்

இத்துறைக்குத் தமிழில் 'நுண் மின்எந்திர அமைப்பு' என்று சொல்லுக்குச் சொல் ஆக்குவது எளிது. ஆனால் இத்தொடரில் 'நுண்' என்பது மின்னைச் சிறப்பிக்கிறதா, எந்திரத்தைச் சிறப்பிக்கிறதா, அமைப்பைச் சிறப்பிக்கிறதா என்பது தெளிவாகவில்லை. தொகைகள் அடுக்கி வரும்போது இவ்வாறு பொருள் மயங்குதல் தமிழில் இயல்பு.

தமிழின் சொல்லாக்க மரபில் இதனினும் நல்ல வழிகள் உள்ளன. வினையடியோடு 'இ' விகுதி சேர்த்துக் கருவிப்பெயர் ஆக்குதல் அவற்றுள் ஒன்று. மண்வெட்டி, துருவி ஆகிய வீட்டுச் சொற்கள் அவ்வாறு அமைந்தவை. கடத்தி, குறைகடத்தி, மின்மாற்றி என்னும் அறிவியல் சொற்களும் அம்மரபிலேயே தோன்றி நிலைத்தன. அதே வழியில் உணர்வது உணரி, இயக்குவது இயக்கி. மெம்ஸ் துறையின் கருவிகள் யாவும் இவ்விரு வினைகளுள் அடங்கும். ஆகவே நுண்உணரி, நுண்இயக்கி என்னும் சொற்கள் கருவிகளுக்குப் போதுமானவை.

துறை முழுமைக்கும் 'நுண்பொறி' என்னும் சொல் பொருந்தும். பொறி என்பது எந்திரத்தைக் குறிக்கும். மெய், வாய், கண், மூக்கு, செவி என்னும் ஐம்பொறிகளையும் அச்சொல்லே குறிக்கும். செய்கருவியையும் புலன் உறுப்பையும் ஒரே சொல்லால் வழங்கும் இவ்வழக்கு, அசைந்து அறியும் இக்கருவிகளுக்கு மிக அணுக்கமானது. வெடிபொருளை அறியும் உணரி எந்திரமும் ஆகும், மூக்கும் ஆகும். ஆங்கில, ஜப்பானிய, ஜெர்மானியப் பெயர்கள் மூன்றும் உணர்தலைச் சுட்டவில்லை என்பது இங்கு ஒப்பிடத்தக்கது. ஆய்வாளர் தமக்குள் 'மெம்ஸ்' என்று வழங்குவதற்கு இதனால் தடை ஏதும் இல்லை. பாடநூலிலும் பொதுமக்களுக்கான எழுத்திலும் நுண்பொறி என்பது நிலைபெறலாம்.

முடிவுரை

மேற்கூறியவற்றால் சில முடிவுகள் பெறப்படுகின்றன. ராம்கோபால் ராவின் ஆராய்ச்சி குறைகடத்தியில் தொடங்கி உணரிக்குச் சென்றது. முன்னதில் பெற்ற பயிற்சியே பின்னதற்கு முதலாயிற்று. சிலிக்கனை விடுத்துப் பாலிமரைத் தேர்ந்தமை, சிறிய முதலீடுடைய ஆய்வகம் தனக்குரிய களத்தைத் தானே வகுத்துக்கொள்ள இயலும் என்பதைக் காட்டுகிறது. ஆய்வு கருவியாவதற்கு இருபது ஆண்டுகள் வேண்டியிருந்தன. அக்காலம் முழுவதும் அதனைத் தாங்கியவை மாட்டுங்காவிலும் பவாயிலும் தலைமுறை தலைமுறையாக வளர்ந்த நிறுவனங்கள். ஒரு திட்டத்தின் ஆயுளைவிட நீண்ட ஆயுளுடைய நிறுவனங்கள் இல்லாவிடில் ஆய்வகத்துச் சட்டம் ஆய்வகத்திலேயே நின்றிருக்கும்.

ரயில் நிலைய வாயிலில் கருவி ஒன்று தம் பையைச் சோதிக்கும்போது அது யாது, எவ்வாறு அறிகிறது என்று வினவும் உரிமை தாராவியிலோ செம்பூரிலோ வாழும் எவர்க்கும் உண்டு. அவ்வினாவுக்கு அவர்தம் தாய்மொழியில் விடை கூறும் நூல்கள் தோன்றுதல் வேண்டும். அதற்கு வேண்டிய சொற்கள் தமிழில் ஏற்கெனவே உள்ளன.